ஃபேயோபாக்டர் இன்ஹிபென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேயோபாக்டர் இன்ஹிபென்ஸ் என்ற கடல் பாக்டீரியாவிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லி எடுக்க முயல்பவர்களும், மீன், சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகங்களில் அதை நன்மை பாக்டீரியாவாகப் பயன்படுத்த நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. ஆய்வகத்தில் வளர்ப்பதைப் பற்றிய கேள்விகளே அதிகம் வருவதால் அந்தப் பகுதி நீளமாக இருக்கும்.

இது எந்த வகை பாக்டீரியா? எங்கே கிடைக்கிறது?

ரோசியோபாக்டர் என்ற கடல் பாக்டீரியாக் குழுவைச் சேர்ந்த கிராம்-நெகட்டிவ் கோல் வடிவ பாக்டீரியா. ஒரு முனையில் கசையிழை உண்டு, நீந்தும். ஆனால் அதன் இயல்பு நீந்தித் திரிவதல்ல, ஒட்டி வாழ்வது. சிப்பி ஓடு, கடற்பாசியின் மேற்பரப்பு, பொரிப்பகத் தொட்டியின் சுவர், துறைமுகத்தில் நீரில் மூழ்கிய பரப்புகள் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். திறந்த கடல்நீரை மட்டும் மொண்டு வந்து தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே.

இந்தப் பேரினத்தின் கதை ஸ்பெயினின் கலீசியாவில் தொடங்குகிறது. அங்கே ஸ்காலப் சிப்பி வளர்ப்பிலிருந்து எடுத்த பி.எஸ். 107 என்ற திரிபை (ஓர் இனத்துக்குள் தனி வகை) 1998-இல் ரோசியோபாக்டர் கலீசியென்சிஸ் என்று விவரித்தார்கள். 2006-இல் அது ஃபேயோபாக்டர் என்ற புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதே கட்டுரையில், ஜெர்மனியின் வாடன் கடலிலிருந்து எடுத்த டி5 திரிபை வைத்து ஃபேயோபாக்டர் இன்ஹிபென்ஸ் தனி இனமாக அறிவிக்கப்பட்டது.

பழைய கட்டுரைகளில் டி.எஸ்.எம். 17395 திரிபைக் கலீசியென்சிஸ் என்கிறார்கள், புதியவற்றில் இன்ஹிபென்ஸ் என்கிறார்கள். எது சரி?

இன்ஹிபென்ஸ்தான் சரி. டி.எஸ்.எம். என்பது ஜெர்மனியின் நுண்ணுயிர்ச் சேமிப்பகம் ஒரு திரிபுக்குத் தரும் எண். கலீசியென்சிஸின் மாதிரித் திரிபு (இனத்தின் பெயருக்கு அடிப்படையான திரிபு) என்ற பெயரில் பல ஆய்வகங்களில் புழங்கிய டி.எஸ்.எம். 17395 உண்மையில் இன்ஹிபென்ஸ் என்று 2013-இல் மரபணுத்தொகுதி ஒப்பீட்டில் தெளிவானது. உண்மையான பி.எஸ். 107 இப்போது டி.எஸ்.எம். 26640 என்ற எண்ணில் இருக்கிறது. ஆகவே 2013-க்கு முந்தைய கட்டுரையைப் படிக்கும்போது இனப்பெயரை விட்டுவிட்டுத் திரிபு எண்ணைப் பாருங்கள். டர்போட் மீன் பொரிப்பகத்திலிருந்து வந்த 27-4 திரிபுக்கும் இதே கதிதான். முதலில் ரோசியோபாக்டர், பிறகு ஃபேயோபாக்டர், 2017 முதல் ஃபேயோபாக்டர் பிசினே.

நீங்களே ஒன்றைப் பிரித்தெடுத்திருந்தால் 16எஸ் என்ற ஒற்றை மரபணுவின் வரிசையை மட்டும் நம்பி இனப்பெயர் சூட்டாதீர்கள். இந்த இனங்கள் அந்த வரிசையில் மிக நெருக்கமானவை. முழு மரபணுத்தொகுதி ஒப்பீடு தேவை.

அது சுரக்கும் கொல்லிப் பொருள் எது?

ட்ரோபோடைதியேட்டிக் அமிலம், சுருக்கமாக டி.டி.ஏ. எட்டு கார்பன், நாலு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன், இரண்டு கந்தகம் கொண்ட சிறிய மூலக்கூறு. மூலக்கூறு எடை 212.2. ஏழு கார்பன் வளையத்தோடு இரண்டு கந்தகம் கொண்ட நாலு அணு வளையம் ஒட்டியிருக்கும் அமைப்பு இயற்கையில் அரிது. இதன் இணை வடிவமான தயோட்ரோபோசின், 1984-இலேயே ஒரு சூடோமோனாஸ் திரிபிலிருந்து அறியப்பட்டது.

நிறை நிறமாலையில் நேர்மின் முறையில் 212.967 என்ற இடத்திலும், எதிர்மின் முறையில் 210.953 என்ற இடத்திலும் தேடுங்கள். இரண்டு கந்தகம் இருப்பதால் அதற்கு இரண்டு அலகு மேலே சுமார் 9 சதவீத உயரத்தில் துணைச் சிகரம் தெரிய வேண்டும். அது இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது டி.டி.ஏ. இல்லை.

இதைத் தயாரிக்கும் மரபணுக்கள் டி.எஸ்.எம். 17395-இல் 262 கிலோபேஸ் (2,62,000 மரபு எழுத்துகள்) நீளமுள்ள துணை மரபு வளையத்தில் (பிளாஸ்மிட்) இருக்கின்றன, முதன்மைக் குரோமோசோமில் அல்ல. பின்னால் வெள்ளைக் காலனிகளைப் பற்றிச் சொல்லும்போது இது தேவைப்படும்.

மற்ற பாக்டீரியாவை இது எப்படிக் கொல்கிறது?

செல் சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே பாக்டீரியா கட்டிக்காக்கும் புரோட்டான் ஏற்றத்தாழ்வை டி.டி.ஏ. குலைக்கிறது. சவ்வின் வழியே ஒரு புரோட்டானை உள்ளே கொண்டுவிட்டு, திரும்பும்போது ஒரு நேர்மின் உலோக அயனியை வெளியே எடுத்துப்போகும். மின்சுமைக் கணக்கு மாறாது, ஆனால் ஆற்றல் வடிந்துபோகும். 2016-இல் இந்தச் செயல்முறையை விளக்கிய ஆய்வே, சுரக்கும் பாக்டீரியா தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்பதையும் காட்டியது. டி.டி.ஏ. மரபணுக்களுக்கு அருகே காமா-குளூட்டமைல் சுழற்சியைச் சார்ந்த எதிர்ப்பு மரபணுக்கள் உள்ளன. அவற்றில் ஒன்றை ஈ. கோலைக்குள் செலுத்தினாலே அதன் தாங்கும் திறன் உயர்கிறது.

ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தாக்காததால் எதிர்ப்புத் திறன் எளிதில் வருவதில்லை. சால்மொனெல்லாவை 300 தலைமுறைக்கு மேல் டி.டி.ஏ.-வில் பழக்கியும், குறைந்தபட்சத் தடை அளவைப்போல் இரு மடங்கைத் தாங்கும் அளவுக்குத்தான் வந்தது. மருந்தில்லாத ஊடகத்தில் வளர்த்ததும் அதையும் இழந்தது.

வளர்க்க எந்த ஊடகம், எந்த நிலை?

மரைன் பிராத் 2216 என்ற ஆயத்தக் கடல் ஊடகத் தூள். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 37.4 கிராம் தூள். கலக்கிக் கொதிக்கவிட்டு, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். அகார் தட்டுக்கு மரைன் அகார் 2216 என்றால் 55.1 கிராம். ஆறியபின் அடியில் கொஞ்சம் வண்டல் படிவது இந்த ஊடகத்தின் இயல்பு. பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று அதை வடிகட்டாதீர்கள், இரும்பும் அதோடு போகக்கூடும்.

வெப்பநிலை 20 முதல் 25 டிகிரி. மருத்துவ ஆய்வகப் பழக்கத்தில் 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டு வளரவில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. அது இந்த பாக்டீரியாவுக்கான வெப்பம் இல்லை. சோடியம் இல்லாமலும் வளராது, ஆகவே சாதாரண எல்.பி. ஊடகத்தில் போடவே வேண்டாம்.

டி.டி.ஏ. வேண்டுமென்றால் 250 மில்லி கூம்புக் குடுவையில் 25 மில்லி மட்டும் ஊற்றி, ஒரு சதவீதம் முதல்வளர்ப்பை (முன்பே வளர்த்துவைத்த பாக்டீரியா) சேர்த்து, அசைக்காமல் 48 முதல் 72 மணி நேரம் வையுங்கள். நீர்ப்பரப்பில் பழுப்புப் படலம் கட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் ஒரு முனையில் ஒன்றோடொன்று ஒட்டி ரோஜா இதழ்போல் விரிந்திருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் பாதை சரி. குடுவையை நிரம்ப ஊற்றினால் காற்றுபடும் பரப்பு குறைந்து படலம் சரியாக வராது.

ஷேக்கரில் வைத்தால் என்ன ஆகும்?

திரிபைப் பொறுத்தது. 27-4 திரிபு அசைக்காத வளர்ப்பில்தான் டி.டி.ஏ. சுரக்கும். ஷேக்கரில் செல் எண்ணிக்கை நன்றாக ஏறும், கொல்லும் திறன் இருக்காது. வேறு பல ஃபேயோபாக்டர் திரிபுகள் இரண்டு நிலையிலும் சுரக்கின்றன. உறவினமான ருகேரியா மொபிலிஸ் அசையாத வளர்ப்பில் மட்டும் சுரக்கும். உங்கள் திரிபு எந்த ரகம் என்று தெரியாதவரை இரண்டு குடுவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதிப்பதே வழி.

பழுப்பு நிறம் வரவில்லை. டி.டி.ஏ. இல்லை என்று அர்த்தமா?

அதிகம் குழப்பும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அந்தப் பழுப்பு நிறம் டி.டி.ஏ.-வின் நிறம் அல்ல. இரண்டு டி.டி.ஏ. மூலக்கூறுகள் ஒரு ஃபெரிக் இரும்பைப் பிடித்துக்கொண்டு உண்டாகும் கூட்டுப்பொருளின் நிறம். தூய டி.டி.ஏ.-வோடு ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தாலும் அதே பழுப்பு வீழ்படிவு வரும். மரைன் பிராத்தில் லிட்டருக்கு 0.1 கிராம் ஃபெரிக் சிட்ரேட் இருக்கிறது, அதாவது சுமார் 0.4 மில்லிமோல். திறந்த கடலின் மேல்நீரில் கரைந்த இரும்பு பெரும்பாலும் ஒரு நானோமோலுக்கும் குறைவு. கடலில் இருப்பதைப்போல் நாலு லட்சம் மடங்கு இரும்பை நாம் ஊட்டுகிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆய்வக முடிவுகளைப் படிக்க வேண்டும்.

இரும்பு குறைந்த ஊடகத்தில் வளர்த்தால் நிறமும் வராது, கொல்லும் திறனும் தெரியாது. ஆனால் பாக்டீரியா சும்மா இருப்பதில்லை. முன்-டி.டி.ஏ. எனப்படும் செயலற்ற வடிவத்தைச் சுரக்கிறது. பி.எச். குறைந்தால் அது அந்தக் கணமே டி.டி.ஏ.-வாக மாறிவிடும். இது 2016-இல் வெளியான கண்டுபிடிப்பு. நடைமுறையில் இதனால் மூன்று சிக்கல்கள்:

முதலாவது, ஊடகத்தை மாற்றினால் முடிவும் மாறும். செலவைக் குறைக்கக் கடல் உப்பும் பெப்டோனும் கலந்து சொந்த ஊடகம் செய்பவர்கள் ஃபெரிக் சிட்ரேட்டை மறந்துவிடுகிறார்கள். பிறகு திரிபு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. டி.டி.ஏ.-வைப் பிரித்தெடுக்க வழக்கமாக ஃபார்மிக் அமிலம் கலந்த எத்தில் அசிட்டேட்டைப் பயன்படுத்துகிறோம். அமிலம் பட்டதும் முன்-டி.டி.ஏ. முழுவதும் டி.டி.ஏ.-வாகிவிடும். கருவி பெரிய சிகரத்தைக் காட்டும், ஆனால் வளர்ப்பில் அது செயலற்றுத்தான் இருந்தது. ஆகவே அமிலம் சேர்க்காத தெளிநீரில் (செல்களை நீக்கிய வளர்ப்புத் திரவம்) உயிர்ச்சோதனை செய்யாமல், வேதியியல் அளவை மட்டும் வைத்து என் வளர்ப்பு இத்தனை மைக்ரோகிராம் கொல்லியைச் சுரக்கிறது என்று எழுதக் கூடாது.

மூன்றாவது, அமிலம் பட்டால் பழுப்புக் கூட்டுப்பொருள் வீழ்படிவாகிவிடும். அமிலம் சேர்த்தபிறகு வடிகட்டினால் டி.டி.ஏ.-வின் ஒரு பங்கு வடிதாளிலேயே தங்கிவிடும். முதலில் வடிகட்டுங்கள், பிறகு அமிலம். வீழ்படிவிலிருந்து டி.டி.ஏ.-வை மீட்க வேண்டுமானால் நீர்த்த அம்மோனியாக் கரைசல் உதவும்.

நிறம் முன்பு வந்தது, இப்போது அதே ஊடகத்தில் வெள்ளைக் காலனிகள் வருகின்றன. ஏன்?

இது இரும்பின் பிரச்சினை அல்ல, திரிபின் பிரச்சினை. டி.டி.ஏ. தயாரிப்பு பாக்டீரியாவுக்குப் பெரிய செலவு. 262 கிலோபேஸ் வளையத்தை இழந்த செல்கள் வளமான ஊடகத்தில் மூலத் திரிபைவிட அதிகமாக வளர்கின்றன. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால், சுரக்காத செல்களுக்கு நீங்களே வழிவிடுகிறீர்கள்.

திரிபு கைக்கு வந்ததும் 20 சதவீதக் கிளிசராலில் பல குப்பிகள் செய்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் குப்பியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். காலனி எடுக்கும்போது பழுப்பாக இருப்பதை மட்டும் எடுங்கள். தட்டில் வெள்ளைக் காலனி பத்தில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தட்டை ஒதுக்கிவிடுவது நல்லது. வெள்ளைக் காலனியை எறிந்துவிடாமல் தனியே சேமித்தால், டி.டி.ஏ. இல்லாத ஒப்பீட்டுத் திரிபாகச் சில சமயம் உதவும். ஆனால் அதில் என்ன மாறியிருக்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தபிறகே பயன்படுத்துங்கள், வளையம் முழுவதும் போயிருந்தால் வேறு பல மரபணுக்களும் சேர்ந்து போயிருக்கும்.

கொல்லும் திறனை எப்படிச் சோதிப்பது?

குழிப் பரவல் சோதனை போதும். சோதனை பாக்டீரியாவாக மீன்களுக்கு நோய் தரும் விப்ரியோ அங்குவில்லாரம் வழக்கம்.

3 சதவீதக் கடல் உப்பு, 0.4 சதவீத குளுக்கோஸ், 0.3 சதவீத கேசமினோ அமிலம், ஒரு சதவீத அகார். உருக்கி 44 டிகிரிக்கு ஆறவிட்டு, 10 மில்லிக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் ஓரிரவு வளர்ந்த விப்ரியோவைக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். அகார் அதைவிடச் சூடாக இருந்தால் விப்ரியோ செத்துவிடும், தட்டு முழுக்கத் தெளிவாகத் தெரியும். உறைந்ததும் 6 மில்லிமீட்டர் குழிகள் வெட்டி, 0.2 மைக்ரான் வடிகட்டிய தெளிநீரை 50 மைக்ரோலிட்டர் விட்டு, 25 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் நாலு குழிகள் கட்டாயம்: அமிலம் சேர்க்காத தெளிநீர், அமிலம் சேர்த்த தெளிநீர், அதே பி.எச். அளவுக்கு அமிலம் சேர்த்த வெறும் ஊடகம், எதுவும் சேர்க்காத வெறும் ஊடகம். விப்ரியோ வளராத இடம் குழியைச் சுற்றித் தெளிந்த வளையமாகத் தெரியும். மூன்றாவது குழியை விட்டுவிட்டால் அந்த வளையம் டி.டி.ஏ.-வாலா அமிலத்தாலா என்று சொல்ல முடியாது. முதல் குழியில் வளையம் இல்லாமல் இரண்டாவதில் மட்டும் வந்தால் முன்-டி.டி.ஏ. இருக்கிறது, ஊடகத்தில் இரும்பு போதவில்லை. இரண்டிலும் இல்லையென்றால் திரிபைச் சந்தேகிக்கலாம்.

சிப்பி, மீன் குஞ்சுகளுக்கு உண்மையிலேயே பயன்படுகிறதா?

ஆய்வக அளவில் நல்ல சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஆளி என்ற சிப்பி வகையின் உள்ஓட்டிலிருந்து எடுத்த எஸ்4 திரிபு, கிழக்கு ஆளியின் லார்வாக்களை விப்ரியோ கோரலிலிட்டிகஸ் தாக்குதலிலிருந்து காத்தது. மில்லிக்கு 10⁴ செல்கள் வீதம், நோய்க்கிருமி வருவதற்கு 24 மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். நீரிலிருந்து அதை நீக்கிவிட்டால் பாதுகாப்பும் போய்விடுகிறது, ஆகவே நீர் மாற்றும்போதெல்லாம் மறுபடி சேர்க்க வேண்டும். டர்போட், காட் மீன் லார்வாக்களிலும் விப்ரியோ அங்குவில்லாரத்தால் வரும் சாவு குறைந்தது. டர்போட்டில் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிரித் தீவனம் வழியாகக் கொடுத்தார்கள். குடலில் அது நிரந்தரமாகக் குடியேறவில்லை.

பாதுகாப்பு முழுவதும் டி.டி.ஏ.-வால் மட்டும் வருவதாக நினைக்க வேண்டாம். எஸ்4 திரிபில் டி.டி.ஏ. தயாரிப்பை நிறுத்தினாலும், உயிர்ப்படலம் கட்டும் திறனைக் குறைத்தாலும் காக்கும் திறன் குறைகிறது. அது வெளியிடும் சமிக்ஞை மூலக்கூறுகள் விப்ரியோவின் நச்சுப் புரோட்டியேசையும் அடக்குகின்றன.

தொட்டிக்கு எவ்வளவு சேர்ப்பது?

கணக்கு எளிது. 1000 லிட்டர் என்பது பத்து லட்சம் மில்லி. மில்லிக்கு 10⁴ வேண்டுமென்றால் மொத்தம் 10¹⁰ செல்கள். வளர்ப்பில் மில்லிக்கு 10⁹ இருந்தால் 10 மில்லி போதும்.

சிக்கல் அதிக அளவுகளில் வருகிறது. மில்லிக்கு 10⁷ என்று போனால் அதே தொட்டிக்கு 10 லிட்டர் வளர்ப்பு. மரைன் பிராத்தில் லிட்டருக்கு 5 கிராம் பெப்டோனும் 1 கிராம் ஈஸ்ட் சாறும் இருப்பதால், 10 லிட்டரை அப்படியே கொட்டினால் 60 கிராம் வரை சத்துப் பொருள் தொட்டிக்குப் போகும். விப்ரியோவுக்கு விருந்து வைத்தபடிதான். மையவிலக்கியில் செல்களைப் படியவைத்து, கிருமி நீக்கிய கடல்நீரில் இருமுறை கழுவிச் சேருங்கள். நன்னீரில் கழுவ வேண்டாம்.

செல் எண்ணிக்கையை அகார் தட்டில் எண்ணும்போது ஒரு எச்சரிக்கை: ரோஜா வடிவில் ஒட்டிய பத்து செல்கள் ஒரே காலனியாகத்தான் வளரும். எண்ணுமுன் நன்றாகக் குலுக்கிப் பிரிக்காவிட்டால் உண்மையைவிடக் குறைவாக எண்ணி, தொட்டியில் அதிகமாகச் சேர்ப்பீர்கள்.

பாசித் தீவனத்தோடு சேர்க்கலாமா?

டெட்ராசெல்மிஸ், நானோகுளோராப்சிஸ் ஆகிய நுண்பாசிகளின் வளர்ப்புகளோடு சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள், அங்கே விப்ரியோ குறைந்தது. எல்லாப் பாசிக்கும் இது பொருந்தாது. எமிலியானியா ஹக்ஸ்லியி என்ற நுண்பாசியோடு முதலில் நட்பாக வாழும் இந்த பாக்டீரியா, பாசி முதுமையடைந்து பாரா-கூமாரிக் அமிலத்தைக் கசியவிட்டதும் ரோசியோபாக்டிசைடு என்ற நஞ்சைத் தயாரித்து அதையே கொல்கிறது. இதை 2011-இல் கண்டறிந்தார்கள். டி.டி.ஏ.-வும் ரோசியோபாக்டிசைடும் பெருமளவு ஒரே மரபணுக்களால் தயாராகின்றன என்பது பிறகு தெரியவந்தது.

ஆகவே உங்கள் பாசி இனத்தோடு சிறு குடுவையில், பாசி வளர்ச்சி நின்று பழசாகும் கட்டம் வரை ஓட்டிப் பாருங்கள். முதல் மூன்று நாள் பச்சையாக இருந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது, கேடு வருவது கடைசிக் கட்டத்தில்தான். பெரிய தொட்டியில் சேர்ப்பதானால் பாசி வேகமாக வளரும் கட்டத்திலேயே அறுவடை செய்துவிடுங்கள்.

மனிதர்களுக்கு மருந்தாகுமா?

டி.டி.ஏ. இன்று மருந்து அல்ல. புரோட்டான் ஏற்றத்தாழ்வு நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவிலும் இருப்பதால், பாக்டீரியாவை மட்டும் தேர்ந்து தாக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விலங்குச் செல்களையும், குறிப்பாகப் புற்றுநோய்ச் செல்களையும், அது பாதிப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தூய டி.டி.ஏ. பொடியைக் கையாளும்போது கையுறை அணியுங்கள். டைமெத்தில் சல்ஃபாக்சைடில் கரைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை, அந்தக் கரைப்பான் தோலை ஊடுருவும்.